கழுத்துப் பிறை

ஜனவரி 5, ஞாயிறு

சாயக் கெமிக்கல் விற்கிற கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. அட்டையில் முருகன், முதல் பக்கத்தில் அவர்களுடைய சிவப்பு, நீல, பச்சை டப்பாக்கள். கெமிக்கல் சாயமே வேண்டாம் என்று கடுக்காயையும் துருப்பிடித்த ஆணியையும் கட்டிக்கொண்டு அழுகிற நான், போயும் போயும் இதில் எழுதுகிறேன். பூபதிதான் கொண்டுவந்து நீட்டினார். "வருசாவருசம் எனக்குக் குடுக்கறாங்க. நான் என்னத்த எழுதறது? நீ எழுது புள்ள" என்றார். பூபதி என் வீட்டுக்காரர். இங்கே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் இன்சார்ஜ். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அவருக்கு என்னைத் திட்டத் தெரியாது.

சரி, எழுதுகிறேன். டி-ஷர்ட்டுக்குக் கழுத்து வெட்டும்போது முன்பக்கத் துணியிலிருந்து ஒரு துண்டு கீழே விழும். மேல்விளிம்பு லேசான வளைவு, கீழ்விளிம்பு ஆழமான வளைவு. தொப்பை போட்ட பிறை. எல்லாக் கம்பெனியிலும் அது குப்பை. போன வருடம் அம்மாவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே அப்படி ஒரு துண்டைக் கையில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் அது சுருண்டு மொட்டு மாதிரி ஆகியிருந்தது. பனியன் துணியின் குணம் அது, வெட்டிய விளிம்பை இழுத்தால் தானாகச் சுருளும். ஃபேஷன் டிசைன் படித்தபோது அதைக் குறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் அந்தக் குறையை வரிசை வரிசையாகப் பழைய படுக்கை விரிப்பின் மேல் தைத்தேன். சிலிர்த்துக்கொண்ட கோழி மாதிரி ஒரு துணி வந்தது. அன்றைக்கு மாடியறையில் தனியாகக் கத்தினேன். கீழேயிருந்து அத்தை, பூபதியின் அம்மா, என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். லேபிளிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறேன்: "இந்த உடைக்காக ஓர் அங்குலத் துணியும் புதிதாக வெட்டப்படவில்லை."

ஜனவரி 9

வெல்லத் தண்ணீரில் ஆணிகளைப் போட்டு ஊறவைத்திருந்தது இன்றைக்குத்தான் பக்குவம். கடுக்காய்ப் பொடியில் ஊறிய வெள்ளைத் துண்டை அதில் முக்கினால் கண்ணெதிரே சாம்பலாகி, மறுபடி முக்கினால் கரியாகிறது. கொஞ்சம் கூடினால் துணி இற்றுப்போகும், குறைந்தால் அழுக்குத் தண்ணீர் நிறம். நாள் முழுக்க அதற்குக் காவல் இருந்தேன்.

அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "வெல்லத்துல ஆணியப் போட்டு ஊற வெக்கறா. ஏன்டா பூபதி, இவ யாருக்குடா சூனியம் வெக்கறா?" என்றார்.

"உங்களுக்கில்லீங்க அத்தை, பயப்படாதீங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் மாராத்தாக்கா ஒரு பை பிறை கொண்டுவந்தார். பூபதியின் கம்பெனியில் கட்டிங் ஹாலைக் கூட்டி, வேஸ்ட்டு மூட்டை கட்டுவது அவர்தான். பக்கத்து வீதிதான் அவர் வீடு. கம்பெனியில் அனுமதி வாங்கித்தான் இதை எடுக்கிறோம். எனக்காக மூட்டையிலிருந்து பிறைகளை மட்டும் தனியாகப் பொறுக்கித் தருகிறார். "இதப் போயி சட்டை பண்றயாக்கும்! நெம்ப நல்லாத்தான் இருக்குது அம்மிணி" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஜனவரி 12

பெங்களூரிலிருந்து நந்தினி மேடம் பேசினார்! அங்கே அவருக்குப் பெரிய துணிக்கடை. மார்ச் எட்டாம் தேதி கோயம்புத்தூரில் நடக்கிற கண்காட்சியில் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். என் உடைகள் எல்லாவற்றையும் வைக்கச் சொல்லிவிட்டார். அதோடு நடுவில் நிறுத்துவதற்கு ஒரு நீளக் கோட்டு வேண்டுமாம். முழுக்க முழுக்க ஒரே சாம்பல்-கறுப்பு. அது நின்றுவிட்டால் அவர் கடையில் எனக்கென்று ஒரு பகுதி.

கால் தரையில் நிற்கவில்லை. பூபதி சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"ஏனுங்க, வெள்ளைப் பிறை வேணும். நெறைய வேணும்."

"வெள்ளை ஓடுனாத்தான் வெள்ளை வரும். பொங்க நோம்பிக்கு அப்பறமும் எங்களுக்கு நேவி புளூதான் ஓடுது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எப்படியாச்சும் பாருங்க. இந்த ஒரு தடவை மட்டும்."

"குப்பையக் கூட ஆர்டர் போட்டு வாங்கறவ நீ ஒருத்திதான் புள்ள" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்தபிறகும் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 20

வெள்ளை வந்துவிட்டது! பூபதி மத்தியானம் வண்டியில் வைத்து ஒரு மூட்டை கொண்டுவந்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். செருப்புத் தடம் இல்லை, நூல் பிசிறு இல்லை. நேவி புளூ ஓடுகிறது என்றாரே? ஆர்டர் மாறியிருக்கும். கேட்கவில்லை. கேட்பானேன்.

ஜனவரி 23

தைத்தேன். சாயம் போட்டேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு. வேறொன்றுமில்லை.

ஜனவரி 28

இரண்டாவது மூட்டையும் வந்தது. பிறைகள் எல்லாம் ஒரே அளவு. வழக்கமாகச் சின்னது, பெரியது, நடுத்தரம் என்று கலந்துதான் வரும், பிரித்து அடுக்கவே எனக்குப் பாதி நாள் போய்விடும். ஒரே சைஸ் சட்டை ஓடியிருக்கும். தொப்பையும் குறைந்திருக்கிறது. ஜிம்முக்குப் போயிருக்கும் போல.

ஒரே அளவாக இருப்பதால் வரிசை கம்பி இழுத்த மாதிரி வருகிறது. கோட்டின் தோள்பட்டை முடிந்தது. இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது. பூபதியைப் பிடித்திழுத்துக் காட்டினேன். நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்றார், கிட்டே வந்து தொடவில்லை. மாராத்தாக்கா பொறுக்கித் தருவாரே, இப்போதெல்லாம் நீங்களே ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டேன். "அவங்களுக்கு வேலை சாஸ்தி" என்றார்.

பிப்ரவரி 4

பூபதி சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டதற்கு, "ஸ்டோர்ல வெள்ளை ரோலோட மிச்சமெல்லாம் காணோங்கறாங்க. பீஸ் டேமேஜ் ஆனா மாத்தறதுக்கு வெச்சிருந்தது. மேனேஜர் குதிக்கறார்" என்றார்.

"யாரு பொறுப்பு?"

"பாத்துட்டு இருக்காங்க."

நான் கோட்டுக்கு உள்பக்கம் என்ன துணி வைப்பது என்று பேச்சை மாற்றிவிட்டேன். பழைய வேட்டி வைக்கலாம்.

பிப்ரவரி 6

அட கெரகமே. மாராத்தாக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

வேஸ்ட்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்த மேனேஜர் அதில் சுத்தமான வெள்ளைத் துண்டுகளைப் பார்த்திருக்கிறார். நல்ல துணியை நறுக்கி வேஸ்ட்டில் கலந்து, வேஸ்ட்டு வாங்குகிறவனிடம் பங்கு வாங்குகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். மூட்டை கட்டுவது மாராத்தாக்காதானே, வேறு யாரைச் சொல்வார்கள்? எல்லோர் முன்னாலும் பையை உதறிக் காட்டச் சொல்லி, கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அத்தைதான் குழாயடியில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். "திருடின்னு சொல்லிப்போட்டாங்களாம்ப்பா. பாவம், அவளா திருடுவா?"

பூபதி கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயை மூடவே இல்லை.

எனக்குப் பெரிய ஆத்திரம். அந்த மேனேஜரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுந்தேன். உட்கார்ந்தேன். கோட்டு வேலை கிடக்கிறது.

பிப்ரவரி 7

காலையில் மாராத்தாக்காவே வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. "அம்மிணி, சும்மா ஊட்டுல உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும். எதாச்சும் வேலை இருந்தாக் குடு. கூட்டறேன், பெருக்கறேன்."

கூட்ட வேண்டாம், தையுங்கள் என்றேன். ஊசி பிடிக்கத் தெரிந்தவர்தான். சுருட்டுவதை ஒரு தடவை காட்டினேன், பிடித்துக்கொண்டார். என் எதிரே உட்கார்ந்து வெள்ளையாக வந்து கறுப்பேறிய அந்தப் பிறைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சுருட்டி அடுக்கினார்.

"ஊரே என்னையப் பாத்து மூஞ்சியத் திருப்புது. நீ ஒருத்திதான் கூப்புட்டு உக்கார வெச்சிருக்கற. நீ நல்லா இருக்கோணும் சாமி" என்றார்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 11

எழுதிவிடுகிறேன்.

சாயத்திலிருந்து எடுத்துக் கொடியில் போட்ட பிறைகளில் சிலவற்றில் வெளுப்பாக ஒரு கீற்று. மிஷின் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வீணாகப் போயிற்றே என்று அவற்றைத் தனியாக எடுத்து மேஜையில் போட்டேன். இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. ஒன்றின் கீற்று முடிகிற இடத்தில் மற்றதன் கீற்று ஆரம்பித்தது. நகர்த்தினேன். ஒன்றின் வயிறு மற்றதன் முதுகுக்குள் போய் அச்சாக உட்கார்ந்தது. மூன்றாவதும் உட்கார்ந்தது. நாலாவதும். கீற்று மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக ஓடியது.

நிஜமான கழுத்துப் பிறை அப்படி உட்காராது. அதன் இரண்டு வளைவும் வேறு வேறு. இவை ஒரே துணியில் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடையில் எதுவும் இல்லாமல், பிறையாகவே வெட்டியவை. எனக்காக வெட்டியவை.

அந்த நேரம் பார்த்து மாராத்தாக்கா படியேறி வந்தார். நான் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்துத் துண்டுகளை மறைத்துக்கொண்டேன். "என்ன அம்மிணி, மயக்கமா வருது? காப்பித்தண்ணி வெக்கட்டுமா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அவர் போனபிறகு துண்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 12

காலையில் அத்தை கோயிலுக்குப் போனதும் டின்னைத் திறந்து பூபதி முன்னால் கொட்டினேன்.

"என்னுங்க இது?"

பார்த்தார். மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மறுத்திருந்தால் கத்தியிருப்பேன்.

"ரோல் மிச்சந்தானே வாணி. அதும் ஒரு மாதிரி வேஸ்ட்டுதான். சாப்பாட்டு நேரத்துல யாரும் இல்லாதப்ப வெட்டுனேன். நீ கேட்டே."

"குப்பை கேட்டேன்! துணியக் கேட்டனா?"

"வெள்ளைல கேட்டே. நெறையக் கேட்டே. எப்படியாச்சும் பாருங்கன்னே. கம்பெனி ஓட்டாத கலர்ல குப்பை எங்கிருந்து புள்ள வரும்?"

பிறகு மாராத்தாக்காவைப் பற்றிக் கேட்டேன். முதல் மூட்டையில் மிஞ்சியதை வேஸ்ட்டுக் குவியலில் தள்ளிவிட்டாராம், அது அக்கா தலையில் விழும் என்று நினைக்கவில்லையாம். மேனேஜர் அவரைத் திட்டும்போது இவர் ஐந்தடி தள்ளித்தான் நின்றிருக்கிறார்.

"வாயத் தொறக்கோணும்னுதான் நெனச்சேன்" என்றார். "தொறக்கலே."

என் புருசன் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13

எழுத ஒன்றுமில்லை. மாராத்தாக்கா கோட்டின் இடது கையை முடித்துவிட்டார். என்னைவிட அழகாகத் தைக்கிறார்.

பிப்ரவரி 19

நந்தினி மேடம் காரில் வந்து இறங்கினார். அத்தை பலகாரத் தட்டோடு மூன்று தடவை படியேறினார். மேடம் கோட்டைப் பார்த்துவிட்டு சுற்றிச் சுற்றி வந்தார். "இவ்வளவு ஒரே மாதிரியான கழிவு எப்படிக் கிடைத்தது உனக்கு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் மாராத்தாக்கா பெருமையாக முன்னால் வந்துவிட்டார்.

"எல்லாம் கழுத்து வேஸ்ட்டுங்க மேடம். நானே பொறுக்கிக் குடுத்திருக்கறேனுங்க. ஒரு இஞ்ச்சுத் துணி புதுசா வெட்டலீங்க. எங்க அம்மிணிக்கு அது ஆகவே ஆகாதுங்க."

மேடம் அவரைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் கண்காட்சியில் பெரிதாக வைக்கப்படுமாம். மாராத்தாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 25

மாராத்தாக்கா வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். எந்தக் கேட்டிலும் உள்ளே விடவில்லை. இந்த ஊரில் சூப்பர்வைசர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். குழாயடியில் இவர் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் தள்ளிப் போகிறதாம். இதையெல்லாம் பிறையைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் ஊசி விரலில் ஏறியது.

"பாத்துப் புள்ள" என்று என் விரலைப் பிடித்து வாயால் ஊதினார். நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 3

பூபதி சொல்கிறார்: "எட்டாந் தேதி முடியட்டும் வாணி. ஒம்பதாந் தேதி காலைல நானே போயி மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடறேன். என் வேலை போனாப் போகுது. உன்ற கோட்டாச்சும் நிக்கட்டும்."

கண்காட்சி முடிந்தபிறகு உண்மை. கேட்க எவ்வளவு வசதியாக இருக்கிறது! அப்படியானால் அந்த லேபிள்? அந்தப் படம்? நான் இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரிங்க என்றேன். இவ்வளவு நாள் பொறுத்த மாராத்தாக்கா இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க மாட்டாரா என்று என் மனசு கணக்குப் போட்டது. சீ.

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் உடைகளை வேனில் ஏற்ற அட்டைப்பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கோட்டு முழுசாக முடிந்து பொம்மையில் நிற்கிறது. மாராத்தாக்கா தரையில் உட்கார்ந்து கழுத்தோரத்தில் தைப்பதற்கு லேபிளைக் கையில் எடுத்திருந்தார்.

"பின்னால கொஞ்சம் பத்தல அம்மிணி. டின்னுல நாலஞ்சு கெடந்துச்சு, எடுத்துப் போட்டு முடிச்சுட்டேன். சுருட்டாமப் பட்டையாவே வெச்சேன். பாரு, எத்தன அழகு."

கோட்டைத் திருப்பினேன். முதுகின் கீழ்ப்பகுதியில், நடு மத்தியில், அந்த வெளுத்த கீற்று. ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து, பிசகில்லாமல் தைத்திருந்தார். சன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது.

தையல் பிரிக்கிற ஊசியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன்.

"ஏன் பிரிக்கற? நல்லாத்தானே இருக்குது? ஓடைத்தண்ணியாட்டம் போகுது பாரு. துண்டும் துண்டும் என்ன மாதிரிச் சேந்துக்குச்சு தெரியுமா, ஒரே துணில இருந்து..."

நிறுத்திக்கொண்டார்.

எழுந்து வந்தார். கீற்றின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனார். ஒரு தடவை. இன்னொரு தடவை. நான் ஊசியைப் பிடித்தபடி நின்றேன்.

"அம்மிணி. கழுத்து வெட்டுனா ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவால ஒரு சட்டை இருக்கோணுமே. அந்தச் சட்டை எங்க?"

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் நம்பியிருப்பார். என்னை நம்ப வேண்டும் என்றுதான் அவர் நின்றார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சட்டையே இல்லீங்கக்கா" என்றேன்.

லேபிள் அவர் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசமே."

"போன மாசமே." அதை மெதுவாகச் சொன்னார். அப்புறம் குரல் உயர்ந்தது. "போன மாசமே தெரிஞ்சுட்டு, என்னைய இங்க உக்கார வெச்சு, நான் திருடுனதாச் சொன்ன துணியவே என் கைல குடுத்துத் தெக்கச் சொன்னயா? உன்னையப் போயி நல்லா இருன்னு கும்பிட்டனேடி! பாவம்னு வேலை குடுத்தயா, வாயடைக்கக் குடுத்தயா?"

"தெரியலீங்கக்கா" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

லேபிளை மேஜைமேல் வைத்தார். எறியவில்லை, வைத்தார். "கோட்ட எடு. வண்டிய எடு" என்றார்.

பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு பின்னால் அவர் உட்கார, நான் டிவிஎஸ் வண்டியை ஓட்டினேன். வளைவில் எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வார். இன்று வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கேட்டில் வாட்ச்மேன் அவரைத் தடுத்தார். நான் சண்டை போட்டேன். சத்தம் கேட்டு கட்டிங் ஹாலிலிருந்து பூபதி வந்தார். என்னைப் பார்த்தார், மாராத்தாக்காவைப் பார்த்தார், அவர் கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். கழுத்தில் மாட்டியிருந்த இஞ்ச்சு டேப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

மேனேஜர் மேஜையில் கோட்டை விரித்து, கீற்று இருந்த துண்டுகளை நானே பிரித்தேன். வரிசையாக வைத்தேன். நான் பேச ஆரம்பிப்பதற்குள் பூபதி பேசிவிட்டார். "நான்தானுங்க வெட்டுனேன். அந்தக்காவுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அன்னிக்கே சொல்லியிருக்கோணுங்க. சொல்லலீங்க."

மேனேஜர் கத்தினார். பூபதி தலையைத் தூக்காமல் நின்றார். அவரை உடனே வேலையை விட்டுப் போகச் சொன்ன மேனேஜர், மாராத்தாக்காவைப் பார்த்து, "சரி சரி, திங்கக்கிழமை வேலைக்கு வந்துரும்மா" என்றார், ஏதோ சில்லறை பாக்கி கொடுப்பது மாதிரி.

மாராத்தாக்கா எங்களோடு வண்டியில் ஏறவில்லை. வெயிலில் நடந்தே போனார்.

மார்ச் 8

நந்தினி மேடத்துக்கு விடிந்ததும் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த அம்மாவின் படத்தை வாசலிலேயே வைத்திருக்கிறேன்" என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். பழைய உடைகள் நிஜமான வேஸ்ட்டில்தான் செய்தவை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் யார் நம்புவார்கள்? நானே இருந்தாலும் நம்பமாட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்.

வேன்காரன் வந்து ஹாரன் அடித்தான். அத்தை போய்த் திருப்பி அனுப்பினார். அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மகனோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. சோறு மட்டும் போட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மாராத்தாக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மன்னிச்சிருங்கக்கா. திங்கக்கிழமை நீங்க வேலைக்கு..."

"வேலை கெடக்குது. அவங்க என்னையத் தொரத்துனது கேட்டுக்குள்ள. திருடின்னு சொன்னது கொழாயடில. கம்பெனில சொல்லிப்போட்டே, சரி. இங்க யாரு சொல்றது?"

தண்ணீர் வந்திருந்த நேரம். வீதிப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார், நான் பின்னால் போனேன். அவர் போய் நின்றதும் முன்னாலிருந்த குடம் வழக்கம்போல் தள்ளிப் போனது. அதைப் பார்த்தபிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது.

"இவங்க திருடலீங்க" என்றேன். குரல் எழவில்லை. "சத்தமா" என்றார் மாராத்தாக்கா, என்னைப் பார்க்காமலேயே. "இவங்க திருடலீங்க! எனக்காக என் வீட்டுக்காரர் வெட்டுனாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். ஒரு கோட்டுக்காக!"

யாரோ, "படிச்ச புள்ள பண்ற வேலையா இது" என்றார்கள். இன்னொருத்தி தூ என்றாள். குடம் நிரம்பி வழிந்து என் காலில் ஓடியது, யாரும் குழாயை மூடவில்லை. மாராத்தாக்கா அந்தக் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தார். நிரம்பியதும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போதும் என் பக்கம் திரும்பவில்லை. அந்த இடத்திலேயே நின்று அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை, சொல்லாததுதான் நியாயம்.

மார்ச் 21

மாராத்தாக்கா மறுபடி கம்பெனிக்குப் போகிறார். பூபதிக்குக் கூலிக்கு வெட்டிக் கொடுக்கிற ஒரு ஜாப் ஒர்க் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இன்சார்ஜ் எல்லாம் இல்லை, சாதாரண கட்டர். வந்ததும் கைகால் கழுவிவிட்டு மாடிக்கு வந்து சும்மா உட்காருகிறார். கோட்டைப் பிரித்துப் பிறைகளை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். அதில் எதையும் செய்ய எனக்கு மனசில்லை. மீதி லேபிள்களை வெளியே எடுக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை.

இன்று சாயங்காலம் அத்தை ஒரு பையோடு மாடியேறி வந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக என்னோடு பேசினார்.

"மாராத்தா கேட்டுல மாட்டிட்டுப் போறா. வா புள்ளன்னு கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. 'கணக்கா கம்பெனி கேட்டுல எழுதிக் குடுத்துத்தான் எடுத்தாந்தேன்னு சொல்லுங்க'ன்னா. அம்புட்டுதான்."

பையைத் தரையில் கொட்டினேன். கழுத்துப் பிறைகள். நேவி புளூ, சந்தன நிறம், இலைப்பச்சை. சின்னது, பெரியது. ஒன்றில் செருப்புத் தடம், ஒன்றில் டீக்கறை. எல்லாவற்றிலும் நூல் பிசிறு. ஒவ்வொன்றுக்கும் தொப்பை.

பூபதி எதிரே வந்து உட்கார்ந்தார். நான் இரண்டை எடுத்து ஒன்றின் வயிற்றை மற்றதன் முதுகில் வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. வேறு இரண்டை எடுத்தேன். அதுவும் உட்காரவில்லை. அவரும் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். இருட்டுக் கட்டும்வரை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பை முழுக்க வைத்து வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்குள் ஒன்று உட்காரவே இல்லை.